லூயிசியானா மாநிலமும் அதன் நான்கு எல்லைகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரைபடத்தை விரித்து, அதன் தென்கரையை நோக்கினால், மேற்கே டெக்சாசுக்கும் கிழக்கே மிசிசிப்பி மாநிலத்துக்கும் இடையில், முழங்கால்வரை ஏறும் காலணியைப் போன்ற வடிவமுடைய மாநிலம் ஒன்று தென்படும். காலணியின் முனை கிழக்கு நோக்கியும், குதிகால் மேற்கு நோக்கியும் அமைந்திருக்கும். அதுவே லூயிசியானா. அதன் மேற்பாகத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் எளிதில் வரைந்துவிடுவர். அடிப்பாகமாகிய தென்கடற்கரையையோ தேர்ந்த வரைபட வல்லுநரும் ஒருமுறை வரைந்து ஓய்ந்துவிட முடியாது; சில ஆண்டுகளுக்குள் அது மாறிவிடுகின்றது. இம்மாநிலத்தின் மூன்று எல்லைகளை அரசர்களும் தூதர்களும் மையினால் வரைந்தனர். நான்காவது எல்லையை ஆறும் கடலும் வரைந்தும் அழித்தும் வருகின்றன. அவ்வாறு அழிவதில் மனிதனுக்கும் பெரும்பங்கு உண்டு.

மாநிலத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,35,600 சதுர கிலோமீட்டர். அதில் ஆறில் ஒரு பங்குக்கும் அதிகமானது நீர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 46 இலட்சத்து 57 ஆயிரம். தலைநகர் பேட்டன் ரூஜ். பெரிய நகரம் நியூ ஆர்லியன்ஸ். 1682-இல் பிரெஞ்சு நாட்டவரான லாசால் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரம்வரை வந்து, தம் மன்னர் பதினான்காம் லூயியின் பெயரை இந்நாட்டிற்குச் சூட்டினார். பின்னர் இது ஸ்பெயின் வசமாகி, மீண்டும் பிரான்சிடம் திரும்பி, 1803-இல் நெப்போலியனால் ஒன்றரைக் கோடி டாலருக்கு ஐக்கிய நாடுகளுக்கு விற்கப்பட்டது. விற்கப்பட்ட நிலம் இன்றைய மாநிலத்தைப்போல் பன்மடங்கு பெரியது. அமெரிக்கக் கண்டத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் அதில் அடங்கியிருந்தது.

அவ்வளவு பெரிய நிலத்தைப் பங்கிட வேண்டுமல்லவா? 1804-இல் அமெரிக்கப் பேரவை, வடக்கு அட்சம் 33 பாகையில் ஒரு நேர்கோடு இட்டுத் தென்துண்டைத் தனியாக்கியது. அக்கோடே இன்று லூயிசியானாவுக்கும் ஆர்க்கன்சாவுக்கும் நடுவே வட எல்லையாக நிற்கின்றது. மலையோ ஆறோ காரணமாக வந்த எல்லை அன்று அது. இத்தென்துண்டு 1812 ஏப்ரல் 30-ஆம் நாள் பதினெட்டாம் மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ந்தது.

மேற்கெல்லையின் கதை சற்றுச் சுவையானது. ஸ்பானியரின் டெக்சாசு எங்கே முடிகின்றது, லூயிசியானா எங்கே தொடங்குகின்றது என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. போர் மூளாதிருக்க வேண்டி, 1806-இல் இருநாட்டுப் படைத்தலைவர்களும் சபீன் ஆற்றிற்குக் கிழக்கே ஒரு நிலப்பகுதியை ‘நடுநிலை நிலம்’ என விட்டுவிட்டனர். எவருடைய சட்டமும் செல்லாத இடத்தில் எவர் போய்க் குடியேறுவர்? கடன் தீர்க்காதவர், கொள்ளையர், தப்பியோடிய அடிமைகள் எனப் பலரும் அங்கே புகலிடம் தேடினர். 1819-இல் கையெழுத்தாகி 1821-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கைதான் சபீன் ஆற்றை எல்லையாக்கியது. கடலிலிருந்து 32 பாகைவரை அந்த ஆறும், அதற்குமேல் நேர்வடக்காகச் செல்லும் கோடும் இன்றும் மேற்கெல்லை.

கிழக்கே பெரும்பகுதி மிசிசிப்பி ஆறே எல்லை. ஆற்றை எல்லையாகக் கொள்வோர் ஒரு தொல்லையை ஏற்கத்தான் வேண்டும். வளைந்து வளைந்து ஓடும் ஆறு, வெள்ளக் காலத்தில் வளைவை அறுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்துவிடும். அவ்வாறு திடீரென இடம் மாறினால் எல்லை பழைய ஆற்றுத்தடத்திலேயே நிற்கும் என்பது சட்டம். எனவே ஆற்றின் கீழ்க்கரையில் லூயிசியானாவின் துண்டுகளும், மேற்கரையில் மிசிசிப்பி மாநிலத்தின் துண்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. 31 பாகைக்கு வந்ததும் எல்லை கிழக்கே திரும்பி, பேர்ல் ஆற்றை அடைந்து, அதனோடு கடல்வரை இறங்குகின்றது. அவ்வாறு திரும்பியதால் மாநிலத்துக்குக் கிடைத்த பகுதி முன்னர் ஸ்பானியரின் மேற்குப் புளோரிடாவாக இருந்தது. 1810 செப்டம்பரில் அங்கிருந்த குடியேறிகள் பேட்டன் ரூஜ் கோட்டையைப் பிடித்து, நீலத்துணியில் வெண்ணிற விண்மீன் ஒன்று பதித்த கொடியேற்றிக் குடியரசு அமைத்தனர். அக்குடியரசு மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அதனை இணைத்துக்கொண்டன. அப்பகுதியிலுள்ள எட்டு மாவட்டங்களுக்கு இன்றும் ‘புளோரிடாப் பங்குகள்’ என்றே பெயர்.

‘பங்குகள்’ என்றதும் வாசகர்கள் சற்று நின்றிருக்கலாம். அமெரிக்காவின் மாநிலங்கள் பெரும்பாலானவை ‘கவுண்டி’ எனும் மாவட்டங்களாகப் பிரிந்துள்ளன. லூயிசியானாவில் மட்டும் அவற்றைப் ‘பாரிஷ்’, அதாவது பங்கு என்றே அழைப்பர். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிகளில் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குகளே மக்களின் வாழ்வை வகுத்திருந்தன; திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் ஆலயத்தில்தான் இருந்தன. 1807-இல் அமெரிக்க ஆட்சி நாட்டை 19 பங்குகளாகப் பிரித்தபோது பழக்கத்திலிருந்த அச்சொல்லை மாற்றவில்லை. இன்று 64 பங்குகள் உள. அங்கே பங்கு என்பதற்குக் காவல்துறையும் நீதிமன்றமும் வரிவசூலும் உண்டு. பங்குத்தந்தைக்கு அதில் யாதொரு அதிகாரமுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

இப்பங்குகளின் பெயர்களைப் படித்தால் ஒரு பகுதி புனிதர்களின் மன்றாட்டுமாலையைப் போலவே ஒலிக்கும்: புனித ஸ்நாபக அருளப்பர், புனித யாகப்பர், புனித பெர்நார்து, புனித எலேனா, புனித மரியன்னை, ஆண்டவரின் விண்ணேற்பு, தேவமாதாவின் விண்ணேற்பு. ‘புனித டாமனி’ என்றொரு பங்கும் உண்டு. அப்பெயருடைய புனிதரைத் திருச்சபையின் நாட்காட்டியில் தேட வேண்டாம். டாமனந்து என்னும் செவ்விந்தியத் தலைவரின் நற்பெயர் காரணமாக மக்களே அவருக்குச் சூட்டிய பட்டம் அது. தெற்கே கடலோரமாக ‘டெரபோன்’ என ஒரு பங்கு இருக்கின்றது. பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘நல்ல நிலம்’ என்று பொருள். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

மாநிலத்தின் வடபகுதி பைன் மரக்காடுகள் அடர்ந்த மேட்டுநிலம். மேடு என்றால் பெரிதாக எண்ணிவிடலாகாது. மிக உயர்ந்த இடமாகிய டிரிஸ்கில் மலை 535 அடியே. அங்கே வாழ்வோர் பெரும்பாலும் ஆங்கிலம் பேசிய புரொட்டஸ்டாண்டுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள். கத்தோலிக்கர் மிகுந்திருப்பது தெற்கே. அங்கு வந்தவர்களுள் ஒரு சாரார் அக்கேடியர். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த இப்பிரெஞ்சு உழவர்களை 1755 முதல் ஆங்கிலேயர் வீடு வாசல் பறித்துக் கப்பலேற்றித் துரத்தினர். பல ஆண்டுகள் அலைந்தபின் 1760-களில் ஒரு பகுதியினர் லூயிசியானாவின் சதுப்பு நிலங்களை அடைந்தனர். ‘கேஜன்’ என்று இன்று அழைக்கப்படுவோர் அவர்களின் வழித்தோன்றல்களே.

அவர்கள் வந்து இறங்கிய தென்பகுதி முழுவதும் ஆறு தந்த நிலம். ஐக்கிய நாடுகளின் தொடர்நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நீரைத் திரட்டிவரும் மிசிசிப்பி, கடந்த ஏழாயிரம் ஆண்டுகளாக மலைகளின் மண்ணைக் கொணர்ந்து இங்கே கொட்டியது. ஆயிரம் ஆண்டு, ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வழிமாறி, வேறொரு புறம் கடலைத் தூர்த்தது. இவ்வாறு எழுந்த கழிமுக நிலத்திற்கு ஒரு தனி இயல்பு உண்டு. பிற நாடுகளில் ஆற்றை நோக்கி நிலம் தாழும். இங்கோ ஆற்றங்கரைதான் உயரம். விலகிச் செல்லச் செல்லத் தாழ்வு. வெள்ளம் கரைமீறும்போது கனத்த மணல் கரையோரத்திலேயே படிந்துவிடும். நுண்ணிய வண்டல் மட்டும் தொலைவுக்குச் செல்லும். அதனால் ஆற்றின் இருமருங்கும் மேடாகி, அப்பால் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சேறும், அதற்கும் அப்பால் புல் அடர்ந்த சதுப்பும் உண்டாயின. வீடும் வயலும் ஆலயமும் அந்த ஒடுங்கிய மேட்டில்தான் வரிசையாக அமைந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகரும் 1718-இல் அத்தகைய மேட்டில்தான் தோன்றியது. பின்னர் சேற்றுநிலத்தின் நீரை இறைத்து நகரைப் பரப்பினர். நீர் வடிந்த மண் சுருங்கி அமிழ்ந்தது. இன்று நகரின் சில பகுதிகள் கடல்மட்டத்துக்கு எட்டடி வரை கீழே கிடக்கின்றன. 1789-இல் திறக்கப்பட்ட புனித லூயி கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரை மண்ணுக்குள் புதையாது, தரைக்கு மேலே சிறு வீடுகளைப் போன்ற கல்லறைகளில் வைத்திருப்பதைக் காணலாம். ஸ்பானிய வழக்கமும் அதற்குக் காரணம். தோண்டினால் நீர் ஊறும் நிலமும் காரணம்.

காலநிலையைப் பற்றிச் சொல்வதாயின், ஈரமே அதன் முதற்பண்பு. மெக்சிகோ வளைகுடாவின் வெந்நீர்ப்பரப்பிலிருந்து காற்று ஓயாது ஈரத்தைக் கொணர்கின்றது. நியூ ஆர்லியன்சில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர். மழையே இல்லாத பருவம் என்று ஒன்றில்லை. ஜூலையில் பகல் வெப்பம் 33 பாகை செல்சியசு அளவே. ஆயினும் காற்றின் ஈரத்தால் புழுக்கம் மிகும். வடபகுதி கடலைவிட்டு விலகியிருப்பதால் அங்கே கோடை கடுமை, குளிரும் கடுமை. 1936 ஆகஸ்டில் பிளெயின் டீலிங் என்ற ஊரில் 45.6 பாகை பதிவாயிற்று. கனடாவிலிருந்து கீழிறங்கும் குளிர்காற்றைத் தடுக்க இடையில் குறுக்கு மலை ஏதுமில்லை. 1899 பெப்ருவரியில் அக்காற்று இறங்கியபோது மிண்டன் நகரில் உறைநிலைக்குக் கீழே 26.7 பாகை, மிசிசிப்பியில் பனிக்கட்டிகள் நியூ ஆர்லியன்சைக் கடந்து கடலுக்கு மிதந்து சென்றன. 2025 ஜனவரி 21-ஆம் நாளிலும் அந்நகரில் சுமார் எட்டு அங்குலம் பனி பெய்து, தென்னகத்தாரைத் திகைக்க வைத்தது.

பனி என்றோ ஒருநாள் வரும் விருந்தாளி. ஜூன் முதல் நவம்பர் வரை வரும் சூறாவளியோ வீட்டில் ஒருவரைப்போல் ஆகிவிட்டது. 1957 ஜூனில் ‘ஆட்ரி’ புயல் கேமரன் பங்கின்மீது கடலை ஏற்றிவிட்டது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2005 ஆகஸ்ட் 29-இல் ‘கத்ரீனா’ வந்தபோது நியூ ஆர்லியன்சின் கரையணைகள் பல இடங்களில் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2020-இல் ‘லாரா’ வந்தது. 2021-இல், கத்ரீனாவின் அதே ஆகஸ்ட் 29-ஆம் நாள், ‘ஐடா’ மணிக்கு 240 கிலோமீட்டர் வேகக் காற்றோடு லஃபூர்ஷ் பங்கில் கரையேறியது. நியூ ஆர்லியன்ஸ் உயர்மறைமாவட்டத்தின் ஆலயங்களில் சூறாவளிக் காலம் முழுவதும், மாநிலத்தின் பாதுகாவலியாகிய விரைந்து சகாயம் புரியும் மாதாவை நோக்கி மக்கள் மன்றாடும் வழக்கம் இன்றும் உண்டு.

புயல் முன்பும் அடித்ததுதானே, இப்போது மட்டும் ஏன் இத்துணை அச்சம் என்று கேட்கலாம். முன்பு கடலுக்கும் ஊருக்கும் இடையில் பல மைல் சதுப்புநிலம் கிடந்தது. பொங்கிவரும் கடல்நீரின் வேகத்தை அப்புல்வெளி தணித்தது. அந்தச் சதுப்பு இப்போது கரைந்து வருகின்றது. 1932 முதல் 2016 வரை லூயிசியானாவின் கடலோரம் இழந்த நிலம் ஏறத்தாழ 4,830 சதுர கிலோமீட்டர் என அமெரிக்க நிலவியல் ஆய்வகம் அளந்து கூறியுள்ளது. 1932-இல் இருந்த கடலோர நிலத்தில் இது நான்கில் ஒரு பங்கு. இழப்பின் வேகம் அண்மை ஆண்டுகளில் குறைந்துள்ளது, நிற்கவில்லை. மாநிலத்தின் கடற்கரையை நேராக அளந்தால் 397 மைல். ஒவ்வொரு குடாவையும் கழியையும் சுற்றி அளந்தால் 7,721 மைல் என்று ஒரு கணக்கு உண்டு. எல்லை எவ்வளவு கந்தலாகி இருக்கின்றது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பிளாக்மின் பங்கில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட குடாக்களின், கழிகளின் பெயர்களை அரசு தன் கடல் வரைபடங்களிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் நீக்கிவிட்டது. ‘மஞ்சள் பருத்திக் குடா’ என்பது அவற்றுள் ஒன்று. குடாவைச் சூழ்ந்திருந்த நிலம் போனபின் குடா ஏது?

காரணங்கள் பல. 1927-இல் மிசிசிப்பி ஊழிவெள்ளமாய்ப் பெருகியது. நியூ ஆர்லியன்சைக் காப்பதற்கென்று, நகருக்குக் கீழே கெர்னார்வன் என்னுமிடத்தில் கரையை வெடிவைத்துத் தகர்த்தனர். புனித பெர்நார்து, பிளாக்மின் பங்குகளின் ஏழை மீனவரும் வேட்டுவரும் வீடிழந்தனர். அவர்களுக்கு உறுதியளித்த ஈட்டுத்தொகையில் பெரும்பகுதி வந்துசேரவில்லை. ஆற்றின் மேற்புறத்தில் கரைகள் தாமே உடைந்துவிட்டதால், அவ்வெடிப்பு தேவையே இல்லாதது என்பதும் பின்னர் தெரியலாயிற்று. நகரத்தாரின் அச்சத்துக்கு நாட்டுப்புறத்தார் கொடுத்த விலை அது என்றே நான் கருதுகிறேன். அதன்பின் மத்திய அரசு ஆற்றின் இருபுறமும் வலிய கரையணைகளை எழுப்பியது. வெள்ளம் அடங்கியது. அதனோடு வண்டலும் நின்றது. ஆண்டுதோறும் புதுமண் பெறாத சதுப்பு தன் எடையாலேயே அமிழத் தொடங்கியது. மேலே மிசௌரி முதலிய ஆறுகளில் எழுந்த அணைகளும் வண்டலை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிட்டன.

மற்றொரு காரணம் எண்ணெய். கிணறு தோண்டும் மிதவைகளைக் கொண்டுசெல்லவும் குழாய்கள் பதிக்கவும் சதுப்பின் ஊடே சுமார் பத்தாயிரம் மைல் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டினர். வெட்டிய கால்வாயில் கடலின் உப்புநீர் உள்ளே நுழைந்து, நன்னீர்ப் புல்லைக் கருகச் செய்தது. வேர் மடிந்தால் மண்ணைப் பிடித்து வைக்க எதுவுமில்லை. இதில் எளிதாகக் குற்றஞ்சாட்டிவிட முடியாதென்பதையும் சொல்ல வேண்டும். அந்த எண்ணெய்தான் கடலோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இரண்டு தலைமுறை சோறு போட்டது. 2010 ஏப்ரல் 20-இல் கடலிலிருந்த எண்ணெய் மேடையொன்று வெடித்து 11 தொழிலாளர் மாண்டு, எண்ணெய் கரையெங்கும் படிந்தபோது, கைவிட்டுப் போனது மீனவரின் வலையும் எண்ணெய்த் தொழிலாளியின் வேலையும் ஆக இரண்டுமே.

அந்த எண்ணெயில் தோய்ந்து நின்ற கூழைக்கடாப் பறவைகளின் படங்களை உலகமே கண்டது. கூழைக்கடா லூயிசியானாவின் மாநிலப் பறவை. தன் மார்பைக் குத்தி, அக்குருதியால் குஞ்சுகளை ஊட்டும் கூழைக்கடா மாநிலக் கொடியில் தீட்டப்பட்டுள்ளது. பழைய ஆலயங்களின் நற்கருணைப் பேழைமீது நாம் காணும் அதே சின்னம். 1960-களின் தொடக்கத்தில் பூச்சிக்கொல்லி நஞ்சினால் மாநிலத்தில் அப்பறவை ஒன்றுகூட இல்லாமற் போயிற்று. 1968 முதல் புளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொணர்ந்து வளர்த்து, மீண்டும் பெருகச் செய்தனர்.

நினைவில் வைக்க வேண்டிய ‘நல்ல நிலம்’, டெரபோன் பங்கு, இனி வருகின்றது. அங்கே ‘ஈல் த ஜான் சார்ல்’ என்னும் தீவில் செவ்விந்தியச் சாக்டாக் குடியினர் பிரெஞ்சு மொழி பேசி, மீனும் இறாலும் பிடித்துத் தலைமுறைகளாய் வாழ்ந்தனர். 1955-க்குப்பின் அத்தீவு தன் நிலத்தில் நூற்றுக்கு 98 பங்கை இழந்தது. மிஞ்சியது 320 ஏக்கர். அதை அடையும் ஒரே சாலையும் காற்றடித்தால் நீரில் மூழ்கும். 2016-இல் மத்திய அரசு ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் டாலர் ஒதுக்கியது. சுமார் 40 மைல் வடக்கே கட்டிய புதிய குடியிருப்புக்கு 2022 ஆகஸ்டில் முதற் குடும்பங்கள் சென்றன. திட்டம் தங்கள் கையைவிட்டு அதிகாரிகளின் கைக்குப் போய்விட்டதென அக்குடியின் தலைவர்கள் குறைகூறினர். போக மறுத்துத் தீவிலேயே தங்கியோரும் உண்டு. கடலோரத்தில் பிறந்தவனைப் பார்த்து, மேட்டில் வீடு தருகிறோம், வலையை விட்டுவிட்டு வா என்றால், அதை உதவி என்று சொல்வதா, இழப்பு என்று சொல்வதா?

பரிகாரம் பற்றியும் அங்கே கருத்து ஒன்றாக இல்லை. கரையணையில் மதகு திறந்து ஆற்றின் வண்டலைச் சதுப்புக்குத் திருப்ப வேண்டும் என்பது பல அறிஞரின் கருத்து. அவ்வாறே பிளாக்மின் பங்கில் ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்பில் ஒரு திட்டம் 2023 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. 2010 எண்ணெய் விபத்தின் இழப்பீட்டுப் பணம் அதற்குப் பயன்பட இருந்தது. நன்னீர் பாய்ந்தால் உப்புநீரில் வளரும் சிப்பி மடியும், இறால் அகலும் என மீனவர் எதிர்த்தனர். அறிஞர் ஐம்பது ஆண்டுகளை எண்ணிப் பேசினர். மீனவர் அடுத்த ஆண்டின் கடன்தவணையை எண்ணிப் பேசினர். இரண்டும் பொய்யல்ல. செலவு ஏறியதையும் காட்டி, 2025 ஜூலையில் மாநில அரசு அத்திட்டத்தைக் கைவிட்டுவிட்டது.

நிலம் வளரும் இடமும் அம்மாநிலத்தில் இல்லாமலில்லை. மிசிசிப்பியின் நீரில் ஒரு பகுதி அட்சாஃபலாயா என்னும் ஆற்றின் வழியே மேற்கே பிரிந்து கடலடைகின்றது. முழு ஆறும் அவ்வழியே திரும்பிவிடாதபடி, 1963 முதல் பெரிய மதகுகள் அமைத்து, பத்தில் மூன்று பங்கு நீரை மட்டும் அப்பக்கம் விடுகின்றனர். மார்கன் சிட்டி என்ற ஊரை வெள்ளத்தினின்று காக்க, 1940-களின் தொடக்கத்தில் அந்த ஆற்றிலிருந்து கடலுக்கு ‘வாக்ஸ் லேக்’ வாய்க்காலை வெட்டினர். நிலம் உண்டாக்கும் எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை. ஆனால் வாய்க்கால் முகத்தில் கரையணை இல்லாததால் வண்டல் விருப்பம்போல் படிந்தது. 1973 வெள்ளம் வடிந்தபோது நீருக்குமேல் திட்டுகள் தலைகாட்டின. இன்று அங்கே வில்லோ மரங்கள் நிற்கும் தீவுகள் பல, விரித்த கைவிரல்களைப்போல் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. 1970-க்கு முன் அச்சான வரைபடங்களில் அவ்விடம் வெறும் நீர்.